சிவப்புக் கோடும் பின் காம்பராவும்

கோட் எழுதிப் பிழைக்கிறதே ஒரு சாபக்கேடு. அதை மழைக்காலத்துக் கொட்டகலையில, கரண்ட் எப்போ போகுமோன்னு பயந்துக்கிட்டே எழுதுறது அதைவிடப் பெரிய சாபக்கேடு. இதே குழியில கெடக்குற உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

எப்படிச் சொன்னாலும் நம்பாது

கவர்மெண்டோட மண்சரிவு எச்சரிக்கையை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து ஆளுங்க போனுக்கு அனுப்புற வேலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேருன்னா எழுத்து, காம்பரா, அதான் லயத்துல அவங்க இருக்குற அறை, அதோட நம்பருன்னா எண். எந்த விவரத்தையும் திருத்துற மாதிரி ஒரே பங்ஷன் எழுதினேன். திறந்து பார்த்தா சிவப்புக் கோடு! "வந்திருக்கிறது காம்பரா நம்பர்தான்"னு உள்ளுக்குள்ளேயே சோதிச்சுக் காட்டினேன். அப்பவும், கூட வந்த மதிப்பு எண்தான்னு, எண்ணுக்குப் பதிலா எழுத்து வந்துடுமோன்னு காவல் காக்குற டைப் செக்கர் ஒத்துக்கல. பொதுவா எழுதினா அதுக்கு அவ்வளவுதான் புத்தி.

ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியா எழுதுறேன், கொஞ்சம் டைம் குடுங்கன்னு கெஞ்சினேன். எங்க மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்புல இருக்கார். அவரே உள்ள நுழைஞ்சு 'எனி'ன்னு போட்டார். எது வந்தாலும் கேள்வி கேக்காதேன்னு அர்த்தம். போட்டுட்டுச் சொன்னார்: "அதுக்கு விளங்காட்டி விடும் பிள்ளை. இப்ப சத்தம் போடுதே? இல்லைத்தானே?"

அஞ்சு பின்

லயத்துல பிள்ளைங்க கல்யாணம் கட்டினா, பின்பக்கமா தகரத்தை இறக்கி இன்னொரு காம்பரா போட்டுக்குவாங்க. அதுக்கு ஏது நம்பர்? உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டத்துல எங்க சித்தி குடும்பமும் அப்படித்தான். விவரம் பதிய வந்தவர்கிட்ட சித்தி, அஞ்சாம் காம்பராவுக்குப் பின்னாலங்கிற அர்த்தத்துல "அஞ்சு பின்"னு சொல்லியிருக்கு. அவரும் அப்படியே அடிச்சிருக்கார். எண் இருக்கவேண்டிய இடத்துல எழுத்து! வாயை அடைச்சு வச்ச புரோகிராம் என்ன செய்யும்? பதிஞ்சவர் சந்தோஷமா சொன்னாராம்: "பாருங்கக்கா, ஒரு கரைச்சலும் இல்லாம ஏறிடுச்சு."

வராத மெசேஜ்

மலை இறங்கின அன்னைக்கு, எண்ணா இல்லாத காம்பராவையெல்லாம் மெசேஜ் தாண்டிப் போயிருச்சு. முன் காம்பராக்காரங்க மெசேஜைப் பார்த்துப் பாதுகாப்பா ஸ்கூலுக்குப் போய்ட்டாங்க. பின்சுவர் விழுந்து சித்தப்பாவுக்கு ஒரு கால் போச்சு.

நுவரெலியா ஆஸ்பத்திரியில அவர் கட்டில்கிட்ட நின்னு அழுதேன். ஆத்திரம் வேற. முன்வீட்டுக்காரங்க கூப்பிட்டும் ஏன் போகலன்னு சித்திகிட்ட கத்திட்டேன். சித்தி கோபப்படவே இல்ல. "அவங்களுக்கு மெசேஜ் வந்துச்சு, போனாங்க. எங்களுக்கு வரல. கவர்மெண்டுக்குத் தெரியாதாம்மா, எங்க காம்பராவுக்கு ஒன்னும் ஆகாதுன்னு இருந்துட்டோம்."

அதனால சக பாவிகளே, டைப் செக்கர் காரணமே இல்லாம கத்தினாலும் கத்தட்டும் விடுங்க, பின் காம்பராக்காரங்களுக்காக இந்த நாட்டுல கத்துறதுக்கு அது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டும்.