அண்ணியின் நாற்பத்தாறு நிமிடம்

பாரிமுனையில் ஒரு காலணிக் கடையில், அளவு பார்க்கும் பலகையின் மேல் அண்ணி தன் வலது பாதத்தை வைத்துக்கொண்டு நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் குனிந்து பார்த்தார். பலகையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: நீளத்துக்கு ஆறாம் எண் போதும், அகலத்துக்குப் பெண்களுக்கான எந்த எண்ணும் ஆகாது. இருபது வருடமாக ரப்பர் செருப்பிலும் வெறுங்காலிலும் ஈரத் தரையில் நின்று மீன் விற்ற பாதம் அது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறிபோல விரிந்திருக்கும். அன்றைக்கு அது எங்களுக்கு நான்காவது கடை. கடைசியில் ஆண்களுக்கான மலையேற்றக் காலணி ஒன்றை எட்டாம் எண்ணில் எடுத்துக் கொடுத்து, முனையில் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு எட்டு நடந்துவிட்டு, "காலுக்கு வூடு கட்டிக் குட்த்த மாரி கீது" என்றாள். கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் போகவிருந்த மலைப் பயணத்தை நடத்தும் நிறுவனம் அனுப்பிய பட்டியலில் வாங்க வேண்டியவை ஒரு பக்கம் நிறைய இருந்தன. அன்றைய விடுமுறை முழுவதும் கரைந்து, ஒரே ஒரு பொருளுக்கு நேராகத்தான் கோடு போட முடிந்திருந்தது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. நெட்டுக்குப்பத்தில் பிறந்து திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அண்ணன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். போனால் பத்து நாள், பதினைந்து நாள். அண்ணி விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் பலகை போட்டு விற்கிறாள். எனக்கு அவளைவிட ஆறு வயது குறைவு. நாற்பதைத் தாண்டிய பின்னும் அவளுக்கு நான் பாப்பாதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கண்டெய்னர் பெட்டிக்குள் இருக்கும் சரக்கை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கான தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்பது மட்டுமே என் கவலை. தாள் சரியாக இருந்தால் பெட்டி நகரும், இல்லாவிட்டால் நிற்கும். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

மலைக்குப் போகும் ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. அலுவலகத்தில் ஒருத்தி போய்வந்து காட்டிய படங்களைப் பார்த்து, உத்தரகண்டில் ஆறு நாள் முதுகில் மூட்டையோடு நடந்துபோகும் ஒரு பாதையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையின் காணொளியை அண்ணி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பனிச்சரிவு வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தினமும் கட்டி ஐஸை உடைத்து உடைத்துக் கை வெடித்துப்போனவள் அவள். "இவ்ளோ ஐஸையும் யாரு கொண்டாந்து போட்டது?" என்று கேட்டாள். யாரும் போடவில்லை, அதுவாக விழுந்தது என்றேன். காணொளியை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "நானும் வரேன் பாப்பா. தட காலத்துல எனக்கு வேல கம்மிதான்" என்றாள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் நடுவில் தொடங்கும். எங்கள் பயணம் மே கடைசியில். இருவர் பெயரையும் பதிந்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ரோதனைதான். கடல்மட்டத்தில் தட்டையாகக் கிடக்கும் ஊரில் மலைக்குப் பயிற்சி எடுப்பது எப்படி? எங்கள் பக்கத்தில் உயரமானவை புகைபோக்கிகளும் துறைமுகத்துக் கிரேன்களும்தான். மெட்ரோ ரயில் நிலையத்தின் படிக்கட்டு உயரமாக இருக்கிறதே என்று, தண்ணீர் பாட்டில்களையும் அரிசியையும் பையில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு காலையில் ஏறி இறங்கினோம். மூன்றாவது நாள் காவலாளி வழியை மறித்தார். "இன்னாமா, லிஃப்ட் கீதே, பாக்கலயா?" மலை ஏறப் பழகுகிறோம் என்று நான் விளக்கியதும் எங்கள் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். அரிசியைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மறுநாளிலிருந்து விம்கோ நகர் ரயில்வே நடைமேம்பாலத்துக்கு மாறினோம். அங்கே ஒரு பக்கம் முழுக்க வெற்றிலை எச்சில். காலை வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். முதுகுப் பையும் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "தலைல வெச்சா முப்பது கிலோ கூட ஒண்ணும் தெர்ல. இத மாட்டிகினா எவனோ பின்னாலர்ந்து இஸ்துகினே வர மாரி கீது" என்பாள். இரண்டு முறை பையைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். அப்படி வைத்ததும் அவள் நடையே மாறிவிட்டது. நான் பாதிப் படியில் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவள் மேலே நின்று எனக்காகக் காத்திருந்தாள். மலையில் அப்படியெல்லாம் தலையில் வைக்கக் கூடாது என்று கத்தினேன். ஏன் கூடாது என்று கேட்டாள். பட்டியலில் முதுகுப் பை என்றுதான் இருந்தது.

உடல்தகுதிச் சான்றிதழுக்குப் போனபோது டாக்டர் அவளுக்கு உடனே கையெழுத்துப் போட்டார். எனக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று மாத்திரை எழுதி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணி, "உக்காந்து உக்காந்து எழுதுறல்ல, அதான்" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது குத்தலாகக் கேட்டது.

ஆனால் எங்களை உடைத்தது ஓட்டம். ஏப்ரல் முடிவதற்குள் ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் ஓடி, போன் செயலியில் பதிவான அந்த ஓட்டத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. எண்ணூர் விரைவுச் சாலையில், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகளை ஒட்டி, லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்பாகக் காலை ஐந்தரைக்கு ஓடத் தொடங்கினோம். அண்ணி வாழ்க்கையில் ஓடியதே இல்லை. சுடிதார் போட்டுக்கொள்ளவே மூன்று நாள் தயங்கினாள். சாலையில் தெரிந்தவர் யாராவது வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஏதோ வேலையாகப் போகிறவள்போல நடப்பாள். முதல் தடவை ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டு வாரம் கழித்து நாற்பத்தொன்பது. எனக்கோ மூன்றாவது வாரமே முப்பத்தொன்பது வந்துவிட்டது. "ஓடச் சொன்னா நடந்துகினே கீற அண்ணி" என்று ஒரு நாள் சாலை நடுவில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் லாரிப் புழுதியும் வியர்வையும். "மலைல ஓடப் போறமா, நடக்கப் போறமா?" என்று கேட்டாள். நடக்கத்தான் என்றேன். "அப்ப இன்னாத்துக்கு ஓடச் சொல்றான்?"

நியாயமான கேள்வி. நிறுவனத்துக்கே போன் செய்து கேட்டேன். தன்மையான குரலில் ஒரு பெண் பேசினாள். என் அண்ணி இருபது வருடமாகத் தினமும் முப்பது கிலோ கூடையைச் சுமந்து நடக்கிறவள், அவளுக்கு ஓட்டத்தில் மட்டும் கொஞ்சம் விலக்குக் கொடுங்கள் என்றேன். "அதுக்கு ஸ்க்ரீன்ஷாட் ஏதாவது இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு காலை அண்ணி நாற்பத்தாறு நிமிடத்தில் ஓடி முடித்தாள். பாறை மேல் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்து, அந்த எண்ணை என்னிடம் காட்டினாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்தாறு. நான் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு நிமிடம் அதிகம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, போனில் ஏதோ சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி அவள் போனை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை ஒரு பையில் என் போன், இன்னொரு பையில் அவள் போன், இரண்டையும் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஓடினேன். இரண்டிலும் முப்பத்தொன்பது நிமிடம். அவளுடைய பழைய ஓட்டங்கள் செயலியில் இருந்தால் கேள்வி வரும் என்று அவற்றை அழித்தேன். ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு, எல்லாம் போயின. படத்தை அனுப்பிவிட்டு, அவள் போனைத் திருப்பிக் கொடுத்தேன். தப்புச் செய்கிறோம் என்ற எண்ணமே எனக்குள் எழவில்லை. நின்றுகொண்டிருந்த ஒரு பெட்டியை நகர்த்திவிட்ட நிம்மதிதான் இருந்தது.

அன்று மாலை மார்க்கெட்டுக்குப் போனேன். தடைக்காலம் என்பதால் பலகையில் கருவாடும் கொஞ்சம் கழிமுக இறாலும்தான் இருந்தன. அண்ணி எட்டாவது வரை படித்தவள். போனில் வந்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்திருந்தாள். நிறுவனத்தின் வாழ்த்து. தனக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறாள். பக்கத்துப் பலகைக்காரியிடமும் காட்டியிருக்கிறாள். பிறகுதான் செய்தியில் இருந்த ஓட்ட நேரத்தைப் பார்த்திருக்கிறாள். நான் வந்ததும் சத்தம் போடவில்லை. இறால் மேல் ஈ ஓட்டிக்கொண்டே, "முப்பத்தொம்போது யாரு ஓடுனது?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"என் நாப்பத்தாறு எங்க?"

"அத அனுப்புனா எடுத்துக்க மாட்டாங்க அண்ணி."

"எடுத்துக்கலன்னா போறான். எங்கன்னு கேட்டேன்."

அழித்துவிட்டேன் என்று சொன்னபோதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இது வெறும் விதி, மலை ஏறும்போது யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கப்போவதில்லை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அன்று சாலையில் அவள் சொன்ன வாதத்தையே அவளிடம் திருப்பிச் சொன்னேன். "நேத்து மீன நேத்து மீனுன்னு சொல்லித்தான் வித்துகினு கீறேன்" என்றாள். "வாங்குறவன் வாங்குறான், போறவன் போறான். நீ என்னையே மாத்தி வித்துட்ட பாப்பா."

அவள் கோபம் இரண்டு நாளில் தணியும் என்று நினைத்தேன். அவளோ மறுநாளே நிறுவனத்துக்குப் போன் செய்து, அது தன் ஓட்டம் இல்லை, தன் நாத்தனார் ஓடியது, தன்னுடையது நாற்பத்தாறு நிமிடம் என்று சொல்லிவிட்டாள். யாரையும் காட்டிக்கொடுக்க அவள் நினைத்திருக்க மாட்டாள். உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். மாலையில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. பொய்த் தகவல் கொடுத்த காரணத்தால் இருவர் பதிவும் ரத்து.

மறுநாள் காலையில் நான் அவள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். மூன்று மாத உழைப்பு, கெஞ்சி வாங்கிய விடுப்பு, எல்லாம் உன்னால் போயிற்று என்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வெளியே போனான். அண்ணி என்னைக் கடைசிவரை பேச விட்டாள். பிறகு, "நாஷ்டா துன்னியா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிடாமலே வந்துவிட்டேன். ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்கு அண்ணன் கையில் மீன் கொடுத்தனுப்பினாள். சமைத்தேன், சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்று சொல்லியனுப்பவில்லை. அந்த ஓராண்டில் வேறு நிறுவனங்களின் பக்கங்களை எத்தனையோ முறை திறந்து பார்த்து மூடினேன். தனியாகப் போகவும் மனம் வரவில்லை. கோபம் அவள்மேலா, அந்தத் தன்மையான குரல்காரிமேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்க முடிந்ததே இல்லை.

போன மாதம் ஒரு காலை, எண்ணூரில் ஒரு கிடங்கில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் சீக்கிரமே பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். விரைவுச் சாலையில், கடல் பக்கமாக, ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டியிருந்தாள். எதிரே மார்க்கெட் பெண்கள் இரண்டு பேர் கூடையோடு வந்தார்கள், ஏதோ கேட்டார்கள், அவள் ஓட்டத்தை நிறுத்தாமலேயே கையை ஆட்டிவிட்டுக் கடந்தாள். அண்ணிதான். எழுந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அவள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வேகம் குறையவில்லை. கிட்டே வந்ததும், "அண்ணி, நில்லு" என்றேன்.

"நின்னா மூச்சு பூடும்" என்றாள்.

பக்கத்தில் நானும் நடந்தேன். நடை போதாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சாப்பாட்டுப் பை தொடையில் இடித்தது. ஓட்டம் கேட்கும் வேறொரு நிறுவனத்தின் செப்டம்பர் மலைப் பயணத்துக்கு, மார்க்கெட்டில் ஒருத்தியின் உதவியோடு அவளே பதிந்திருக்கிறாள். அதை மூச்சுக்கு மூச்சு இரண்டு சொல்லாகச் சொன்னாள். என்னை ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ஆளுக்குத்தான் பதிஞ்சிகீறேன். வரதுன்னா வா பாப்பா. உன்னுத நீ ஓடு, என்னுத நான் ஓடுறேன்."

நூறு அடி கூட என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பாறை ஓரமாக நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.