எந்தப் பெட்டியில் மழை நன்றாகப் பெய்தது

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் தெருவுக்கு இரண்டு வீடியோ கேம் பெட்டிகள் வந்து சேர்ந்தன. காமயகவுண்டன்பட்டி முழுவதற்குமே அந்த இரண்டுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டில். துபாயில் வேலை பார்த்த தாய்மாமா கொண்டுவந்தது. இன்னொன்று ஒட்டினாற்போல் இருந்த சித்தப்பா வீட்டில். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தியின் அண்ணன் கொடுத்துவிட்டுப் போனது.

அப்பாவும் சித்தப்பாவும் பேசி அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் யார் எந்தக் கிழமை மோட்டார் போடுவது என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே இல்லாமல் போய் முடிந்திருந்தது. சித்தப்பா வீட்டுக்குப் போகாதே என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. போகிறவர்கள் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் சித்தப்பா மகன் என் வகுப்பில்தான் படித்தான். என்னைவிட நாலு மாதம் சின்னவன். அதற்காக அக்கா என்று கூப்பிடுவான், மற்றபடி மரியாதை எதுவும் கிடையாது. இரண்டு பெட்டியிலும் ஒரே கார் பந்தய விளையாட்டு இருந்ததுதான் வினையாகப் போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் எந்தப் பெட்டியில் படம் நன்றாகத் தெரிகிறது என்கிற வழக்குதான். அவன் பெட்டியில் முன்னால் போகிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்கலாமாம். என் பெட்டியில் கார் கண்ணாடியில் மேகம் நகர்வது தெரியும் என்றேன். அது பொய். பத்துக் கார் சேர்ந்து வந்தால் என் பெட்டி திக்கித் திக்கித்தான் ஓடும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவன் அலுத்துப்போய், “ரெண்டையும் ஒரே டிவில போட்டுப் பாத்துருவோம்க்கா. அப்பத் தெரியும்” என்றான். ஒரே டிவி, ஒரே ரோடு, ஒரே சிவப்புக் கார். மழை பெய்கிற ஓட்டத்தையும் கட்டாயம் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். மழையில்தான் எந்தப் பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்பது வெளிப்படும் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வாய்த்தது. அப்பாவும் சித்தப்பாவும் அவரவர் தோட்டத்தில். அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சித்தி கம்பத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். அவன் தன் பெட்டியை ஒரு துண்டில் சுற்றிப் பின்பக்கச் சுவர் வழியாக என்னிடம் நீட்டினான். கூடவே அமெரிக்கப் பெட்டிக்கு நம்மூர் கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டப்பா ஒன்று; செங்கல் கனம் கனத்தது.

முதலில் என் பெட்டி ஓடியது. மழை சுமாராகப் பெய்தது. பிறகு அவனுடையதை மாட்டினோம். ரோடு வந்தது, மரம் வந்தது, கார் வந்தது. கலர் மட்டும் வரவில்லை. எல்லாமே வெள்ளையும் சாம்பலுமாக, நடுவில் ஒரு கோடு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “ஏலே, இதுதான் ஒங்க அமெரிக்காவா? கலரே இல்லையேடா!” என்று கைதட்டிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வயரைக் கழற்றினான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான். அவன் உதடு கோணத் தொடங்கியதும்தான் எனக்கும் சிரிப்பு நின்றது.

“காலையில கூட நல்லா ஓடுச்சுக்கா. கரண்ட் ஜாஸ்தியாப் போயிருச்சு போல. எங்கப்பா என்னயக் கொன்னுபோடுவாக.”

பெட்டி கெட்டது ஒரு பக்கம். அது எங்கள் வீட்டில் வைத்துக் கெட்டது என்று தெரிந்தால், கிணற்றோடு நின்ற சண்டை எங்கே போய் நிற்கும் என்று அந்த வயதிலும் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அதற்குள் தெருவில் சித்தியின் குரல் கேட்டது. டவுன் பஸ் சீக்கிரம் வந்துவிட்டிருந்தது. அவன் பெட்டியை என் மடியிலேயே போட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்து ஓடினான்.

எங்கள் கொட்டகையில் பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடுகள் ஆளுயரத்துக்கு இருந்தன. அடி வரிசையில் ஒரு கிரேடில் அதை வைத்து, செங்கல் டப்பாவையும் வைத்து, மேலே பழைய பேப்பரைப் பரப்பினேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தனக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், கேம் வேண்டாம் என்று அவன் சொல்வது கேட்டது. அவனைப் பெற்றவர்கள் அதை எப்படி நம்பினார்கள் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

சாயங்காலம் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. மறுநாள் விடிகாலையில் அறுப்பு. கிரேடுகளை இப்போதே தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், பழம் நிரப்பி அப்படியே கூடலூர் வழியாகக் கேரளாவுக்குப் போய்விடும். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து டிரைவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுக்கு என் இடுப்பளவுக்கு வந்தது. முழங்காலளவுக்கு வந்தது. எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை.

“அப்பா, அந்தக் கிரேட எடுக்காதீக” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அழுகைக்கு நடுவே எல்லாம் வெளியே வந்தது. அப்பா பேப்பரை விலக்கிப் பெட்டியைப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

அம்மா பதறிப்போய், “அந்தச் செவுத்து மேல வச்சுட்டு வந்துருங்க. எதுக்கு வம்பு?” என்றாள்.

“கெடுத்தது நம்ம புள்ள. திருட்டுத்தனமா வச்சுட்டு வரச் சொல்றியா?” என்றார் அப்பா. பெட்டியையும் செங்கல் டப்பாவையும் ஒரு கையில் அணைத்து, என்னை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பத்தடி தூரம்தான். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. கோபம் வந்தால் அப்படித்தான் வேர்க்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த சித்தி அவசரமாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “வாங்க” என்று விலகினாள். உள்ளே சித்தப்பா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். தம்பி அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான்.

“புள்ளைக ரெண்டும் சேந்து ஒன் பெட்டியக் கெடுத்துருச்சுக. எங்கன குடுத்துச் சரி பண்ணணுமோ சொல்லு, நான் பண்ணித் தாரேன்” என்றார் அப்பா. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சித்தப்பா பெட்டியையும் டப்பாவையும் வாங்கி, குனிந்து தன் டிவியில் மாட்டினார். சுவிட்சைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “அக்கா!” என்று தம்பி கத்தினான்.

கண்ணைத் திறந்தால் ரோடு கறுப்பாகவும், மரம் பச்சையாகவும், கார் ரத்தச் சிவப்பாகவும் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி சிரித்துக்கொண்டே அழுதான்.

“ஒண்ணும் கெடலண்ணே,” என்றார் சித்தப்பா. “அமெரிக்காவுல கலர் வர்ற முறை வேற. ஒங்க டிவி நம்மூர் முறைய மட்டும்தான் எடுக்கும். இது ரெண்டையும் எடுக்கும். கடைக்காரன் சொல்லித்தான் இதப் பாத்து வாங்குனேன்.”

“அப்படியா?” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “அப்படியா?” என்றார்.

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நானும் நகர்ந்து டிவி பக்கம் போனேன். அதற்குள் சித்தி, “நீ வீட்டுக்குப் போ ஆத்தா. பாவம், அங்க அம்மா தவிச்சுக்கிட்டு இருப்பாக. போய்ச் சொல்லு” என்று அனுப்பிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் நின்று, “அப்பா, மழ ஓட்டம் வரைக்கும் இருந்து பாத்துட்டு வாங்கப்பா. எந்தப் பெட்டில நல்லா இருக்குன்னு சொல்லணும்” என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார்.

அப்பா வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. லாரிக்காரருக்கு மிச்சக் கிரேடுகளை அம்மாவும் நானும்தான் எடுத்துக் கொடுத்தோம். நான் போய்க் கூட்டிவரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். “வேணாம், இருக்கட்டும்” என்று இரண்டு தடவையும் சொன்னாள். இவ்வளவு நேரம் இருக்கிறார் என்றால் ஓட்டம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் வருவார் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்க் கேட்டேன்.

“மழ எதுலப்பா நல்லாப் பேஞ்சுச்சு?”

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். “கவனிக்கலையே ஆத்தா” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இரண்டு மணி நேரம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் படத்தைக் கவனிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவர்கள் பெட்டிதான் ஜெயித்திருக்கிறது, என் மனசு நோகக்கூடாது என்று மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அப்படித் தோற்றுப்போய் வந்தவர், ஏதோ ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டே கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அம்மா கேட்காமலேயே அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்ததும்தான் எனக்கு விளங்கவே இல்லை.