புளி போட்டுத் தேய்த்த சவ்வு

எண்பதுகளின் கடைசியில், திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது என் வேலை. கேன்களும் குழாய்களும் கழுவிய தண்ணீர் முதலில் ஒரு தொட்டிக்கு வரும். அங்கே பழுப்புச் சேறாக வாழும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள பாலைத் தின்னும். பிறகு காகிதம்போல் மெல்லிய நான்கு சவ்வுத் தகடுகள் தெளிந்த நீரை மட்டும் வெளியே விட்டு, நுண்ணுயிர்களைத் தொட்டிக்கே திருப்பும். சென்னைக் கல்லூரி ஒன்று சோதனைக்காகக் கொடுத்த தகடுகள். மாற்றுத் தகடு கிடையாது.

வெளியேறும் நீர் பக்கத்து மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல், ஓரமாக வாய்க்காலில் ஓடும். கொல்லைக்கார அம்மாவின் கிணறு அதற்குப் பத்தடி தள்ளி. அவரும் அவருடைய இரண்டு மாடுகளும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். கிணறு கெடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தவள் நான்.

ஆயுத பூஜைக்கு விழுப்புரத்துக்கு, வீட்டுக்குப் போகும் முன், தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டருக்கு ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். காற்றுப் பம்பை நிறுத்தக் கூடாது. காலையும் மாலையும் நுரையைப் பார்க்க வேண்டும். இப்படியே போய், ஒன்பதாவது: பூஜைக்கு முன் எல்லாவற்றையும் சுத்தம் செய்யவும்.

நான்காம் நாள் காலை திரும்பினேன். தொட்டிச் சுவரில் சந்தனம், குங்குமம். உள்ளே சேறே இல்லை. வெள்ளைத் தண்ணீர்.

"சேறு எங்கேண்ணே?"

"அத்த ஏம்மா கேக்கறீங்க! ரெண்டு நாளு பேஜாரு. மூணு பேரு எறங்கி வழிச்சிப் போட்டோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவனப்புறந்தான் நாத்தம் போச்சி."

"தகடு?"

"அழுக்கோடவா பூசை பண்ணுவாங்க? புளி போட்டுத் தேங்கா நார்ல தேச்சேன். குத்துவெளக்காட்டம் மின்னுது பாருங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கிலும் நார் கிழித்த கோடுகள். சுவரில் என் ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

பண்ணை மேலாளரிடம் ஓடினேன். புதுச் சேறு வளர மூன்று வாரமாவது ஆகும், அதுவரை பால் எடுப்பதை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் நிறுத்திடறேம்மா. மாடு நிறுத்துமா?" என்றார். கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

விஷயம் புரிந்ததும் ஆபரேட்டர் ஏரிக்கு ஓடினார். நுண்ணுயிர் மறுபடி வளர, ஏரிச் சேறும் சாணமும் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினார். நான் நின்று கலக்கினேன். மூன்றாம் நாள் தொட்டி புளித்த மோர்போல நாறியது. கிழிந்த தகடுகளைத் தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வெள்ளையாகவே ஓடியது.

கொல்லைக்குப் போனேன். அந்த அம்மா கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தண்ணிய எடுக்காதீங்கம்மா. மாட்டுக்கும் காட்டாதீங்க."

"கெடாதுன்னு நீதான பாப்பா சொன்ன?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

"சரி. எத்தினி நாளைக்கி?"

மூன்று வாரம் என்பது சேறு வளரும் கணக்கு. கிணறு தெளியும் கணக்கு எனக்குத் தெரியாது. அவர் கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.