ஏணியும் தொப்பியும்

தொலைக்காட்சியில் பழைய ஊமைப்படம். ஓர் ஒல்லியனும் ஒரு குண்டனும் ஏணியைத் தூக்கிவர, எதிரே போலீஸ்காரர் நின்றார். நான் சிரித்துவிட்டேன்.

“அப்பா, இன்னும் ஒண்ணுமே நடக்கல லா!” என்றாள் மகள்.

எனக்கு எப்போதோ நடந்துவிட்டது, சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரையைச் சரிசெய்ய, ஒல்லியான என் அப்பா முன்னேயும், மரவள்ளிக்கிழங்கு மட்டுமே தின்றும் இளைக்காத சித்தப்பா பின்னேயுமாக ஏணி சுமந்து வந்தார்கள். வழியோரம் ஒரு ஜப்பான் சிப்பாய். கண்டால் குனிந்து வணங்கியே ஆகவேண்டும். அப்பா ஏணியோடு திரும்பிக் குனிந்தார். ஏணியின் நுனி சிப்பாயின் தொப்பியைத் தட்டிவிட்டது.

“செத்தோம்ண்ணே,” என்றார் சித்தப்பா.

சிப்பாய் தொப்பியை எடுத்து மாட்டினான். ஏணியோடு திரும்பிப்போய் மறுபடி வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு, அதே இடத்தில் விறைப்பாக நின்றான். உதடு மட்டும் சிரிப்பை அடக்கித் துடித்தது.

படத்தில் போலீஸ்காரரின் தொப்பி ஒரு தடவைதான் விழுந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று தடவை. மூன்றாவதில்தான் அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது.