வெற்றிலை இல்லாமல் கேட்ட கேள்வி

என் அப்பா சட்டத்தரணி. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அந்தச் சொல் பலருடைய வாயில் நுழையாது, அப்புக்காத்து என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குப் பெயர் அப்புக்காத்தர் வீடு. உண்மையில் அது அவருடைய வீடே இல்லை. மட்டக்களப்பில் வீடு வளவு எல்லாம் பெண்ணுக்குத்தான். அம்மாவின் பெற்றோர் அம்மாவுக்குக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர் அப்பா. கோபம் வரும்போது அம்மா அதைச் சொல்லிக் காட்டத் தவறமாட்டார். அப்பாவும், "ஓம், நான் வந்து ஏறின ஆள்தானே" என்று சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டுவார்.

வழக்குப் பேசுவதோடு, காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வேலையும் அவர் பார்த்தார். அதில் அதிகம் வருவது சீதன உறுதி. பெண்ணுக்கு வீடு எழுதாமல் எங்கள் ஊரில் கலியாணம் நடக்காது. மற்ற நொத்தாரிசுமார் மேசையில் இருந்து எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அப்பா அப்படி எழுதமாட்டார். நல்ல நாள் பார்த்து இரண்டு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அந்தக் காணிக்குப் போவார். நாலு பக்கத்து அயலவரையும் கூப்பிட்டு, வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டி, "இந்த எல்லை சரிதானா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பேனையைத் திறப்பார். சட்டம் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. "அப்புக்காத்தர் காணிக்குள்ள காத்து வாங்கப் போயிட்டார்" என்று அவருடைய தொழிற்காரரே பகிடி பண்ணுவார்கள்.

"கோட்டுக்கு வாற கேஸில பாதி வேலியடியிலதான் முளைக்கிது. முளையிலயே பாத்தா என்ன?" என்பார் அப்பா.

எனக்கு அவரைப் பற்றிப் பெரிய பெருமை. நீதி, நேர்மை என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால், எனக்கு நினைவில் வந்தது காற்சட்டையை மடித்துவிட்டு யாரோ ஒருவருடைய சேற்று வளவுக்குள் வட்டாவோடு நிற்கும் அப்பாதான். நான் எப்போதும் கொஞ்சம் சட்டென்று சீறுகிற பெண். அவரை யாராவது நக்கலடித்தால் அன்றைக்கு அவர்களோடு பேசமாட்டேன்.

பிறகு என் முறை வந்தது.

அப்போது நான் களுவாஞ்சிக்குடியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நல்ல உத்தியோகம். பெரியவர்கள் பேசி வந்த சம்பந்தம்தான், ஆனால் தொலைபேசியில் நாலு தடவை கதைத்ததும் எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. என்னைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். அவருடைய வீட்டாருக்கு எங்கள் வளவு பிடித்துவிட்டது. எங்கள் வளவின் பின்பக்கம் வாவி. பெரும்பகுதி கண்டல் மரமும் சேறும்தான் என்றாலும், வடக்கு வேலி ஓரமாக மட்டும் நல்ல காய்ந்த மணல் நிலம் தண்ணீர்வரை போகும். அதன் முடிவில் தோணி ஒதுங்கக்கூடிய ஒரு துறை. அந்த இடத்தில் வெள்ளைக்காரர் வந்து தங்க இரண்டு அறை கட்டலாம், காலையில் வாவியைப் பார்த்துக்கொண்டே அப்பம் சாப்பிடக் கொடுக்கலாம் என்று அவர் திட்டம் போட்டிருந்தார். அறைகளின் திரைச்சீலைக்கு நான் நிறம்கூடத் தெரிவுசெய்து வைத்திருந்தேன்.

வடக்கு வேலிக்கு அப்பால் ஒரு விதவை, மீன் பிடிக்கிற இரண்டு மகன்மாரோடு இருந்தார். யுத்தம் நடந்த கெட்ட காலத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய், அப்பா எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள். மூத்த மகனை ஒருமுறை பிழையாகப் பிடித்துக்கொண்டு போனபோது அப்பாதான் வழக்குப் பேசி வெளியே எடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை. அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் அவ்வப்போது இறால் வரும். அப்பா ஏசுவார். அம்மா வாங்கி வறுப்பார்.

எல்லை பார்க்கிற நாள் மாப்பிள்ளை வீட்டார் வான் பிடித்து வந்தார்கள். தெற்கு அயலவர் வெற்றிலை எடுத்துக்கொண்டு சரி என்றார். கிழக்கே தெரு. மேற்கே வாவி, அதனிடம் கேட்கத் தேவையில்லை என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். வடக்கு வீட்டம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினார்.

"எல்லை சரிதானா தங்கச்சி?"

"சரி ஐயா."

எல்லோரும் பலகாரத்துக்குத் திரும்பினோம். அப்பா திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் இளைய மகன் தோளில் வலையும் தோணி தள்ளுகிற தாங்குகம்புமாக, தண்ணீர் சொட்டச் சொட்டத் தெருப் பக்கத்தால் வந்து அவர்களுடைய படலைக்குள் நுழைந்தான். அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வாவி. அவனோ ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறான்.

"தோணி எங்க கட்டியிரிக்கு தங்கச்சி?" என்று கேட்டார் அப்பா.

"கோயிலடியில ஐயா."

"ஏன் அவ்வளவு தூரத்தில?"

"அது பழகிட்டு ஐயா. ஒரு கரச்சலும் இல்ல."

"முந்தி எங்க கட்டினீங்க?"

அந்தம்மா கையில் இருந்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் மாமி, "நல்ல காரியம் நடக்கிற இடத்தில இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லி, வடக்கு வீட்டம்மாவின் கையில் ஒரு பலகாரத்தையும் வைத்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வான் போன பிறகு குசினி அடுப்படியில் அம்மா சொன்னார். அந்த மணல் நிலம் முன்பு வடக்கு வீட்டார் வாவிக்குப் போய்வந்த வழி. அவர்கள் ஊரைவிட்டுப் போன பிறகு அம்மாவின் தகப்பன் அதை உள்ளே எடுத்து வேலி அடைத்துவிட்டார்.

"ஆளில்லாத வளவு, மாடு வருகிது எண்டு அடைச்சது. மறுகா அவங்க வந்தாங்க. அவ ஒரு நாளும் கேக்கல்லையே!"

"எப்பிடிக் கேப்பா? அவட பொடியனுக்கு நான் கேஸ் பேசியிரிக்கன். அவட வாய நான்தானே அடைச்சிரிக்கன்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அன்றைக்கு அப்பா தன் முதுகைப் பார்த்துவிட்டார். தண்ணீர் குடிக்க எடுத்த செம்பைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அவ மட்டுமில்ல. இவ்வளவு காலமும் கலியாண வெத்திலயக் குடுத்துப்போட்டுத்தானே எல்லாரிட்டயும் கேட்டிரிக்கன். வெத்திலய வாங்கின கையோட, பொண்ணு மாப்பிள வீட்டார் சுத்தி நிக்கக்க, ஆரு இல்ல எண்டு சொல்லுவான்? நான் கேட்டது கேள்வியே இல்ல."

உண்மைதான். எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்குக் குறுக்கே நின்றவர் என்ற பெயரை எந்த மனிதரும் வாங்கமாட்டார். காணி போனாலும் பரவாயில்லை என்று சரி சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரே மெச்சிய அவருடைய வழக்கத்துக்குள் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது, அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு அவர் அம்மாவிடம் சொன்னார். "வீடு உன்ட. குடுக்கிறதும் உன்ட கை. நான் ஒண்டும் சொல்ல ஏலா. ஆனா இந்த எல்லையோட நான் எழுதமாட்டன். வேற ஆளப் புடிச்சு எழுதுங்க."

நான் வெடித்தேன். ஊராருடைய பிள்ளைகளுக்கெல்லாம் ஓடி ஓடி எழுதினீர்கள், பெற்ற பிள்ளைக்கு எழுதக் கை வராதா என்று கத்தினேன். கலியாணம் குழம்பப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஊராருட புள்ளைக்கு நாலு பக்கமும் கேட்டுத்தானே எழுதினன் மகள். உனக்கு மட்டும் கொறச்சு எழுதச் சொல்றியா?"

அடுத்த நாள் காலையில் அப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவால் இறங்கி நடந்தார். அதுவரை எங்கள் வளவுக்குள்ளால் போய் அந்தத் துறையில்தான் குளிப்பார். இப்போது முழங்கால் வலியோடு கோயிலடிவரை சுற்றிப் போனார். மறுநாளும் அப்படியே. "என்ன அப்புக்காத்தர், உங்கட வளவுக்குள்ள வாவி வத்திட்டா?" என்று தெருவில் கேட்டார்களாம். நடை நல்லது என்று டொக்டர் சொன்னார் என்றாராம். அதில் பாதி நேர்மை, பாதி பிடிவாதம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அம்மா குசினி யன்னலால் அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு நொத்தாரிசை யாரும் தேடவில்லை.

ஒரு காலை, அப்பா குளிக்கப் போயிருந்த நேரம், அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு வடக்கு வேலிக்குப் போனார். "என்ட அப்பா கட்டின வேலி. நான்தான் அவிக்கணும்" என்று சொல்லி, வேலிக்கு நட்ட கதியாலில் கட்டியிருந்த கம்பியை வெட்டத் தொடங்கினார். நான் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கிட்டு நிக்காம கம்பியப் புடிகா" என்றார். பிடித்தேன். அழுதுகொண்டேதான் பிடித்தேன். புது வேலியை உள்ளே தள்ளிப் போட்டோம். மணல் வழியும் துறையும் வெளியே போயின.

மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளை ஒரே ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு பாதைக்காகவா இப்பிடி?" என்று கேட்டார். பாதைக்காக இல்லை என்றேன். நெடுநாள் அந்தத் துக்கம் போகவில்லை. அப்பாவுக்குத் தேத்தண்ணி வைத்தால் கையில் கொடுக்கமாட்டேன், மேசையில் டக்கென்று வைத்துவிட்டுப் போவேன். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தங்குவதையும் விட்டுவிட்டார். தான் உறுதி எழுதிய காணிகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். வாவியைக் கடந்து படுவான்கரைக்கு, சில நாள் உன்னிச்சைவரைக்கும்கூட. வெற்றிலை இல்லை, கூட ஆள் இல்லை, நல்ல நாளும் பார்ப்பதில்லை. அயலவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று, "எல்லையில கொற இரிந்தா இப்ப சொல்லுங்க" என்பார். "முடிஞ்ச கலியாணத்தில ஏன் மண்ணள்ளிப் போடுறீங்க?" என்று சிலர் துரத்தினார்கள். சிலர் மெல்ல வாயைத் திறந்தார்கள். ஒன்றிரண்டு வேலி நகர்ந்தது, மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. அப்புக்காத்தருக்குக் கொஞ்சம் மூளை பிசகிவிட்டது என்று ஊர் பேசியது. எனக்குக் கோபம் தீராத காலம் அது. ஆனாலும் அப்படிச் சொன்ன ஒருவரைப் பேருந்துக்குள் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

பிறகு இன்னொரு சம்பந்தம் வந்தது. ஆசிரியர், வாவியே பார்க்காமல் வயல்கரையில் வளர்ந்தவர். அவருக்குத் துறையும் வேண்டாம், அறையும் வேண்டாம். அவரைத்தான் கலியாணம் முடித்தேன். நாள் குறிப்பதற்கு முன், ஒரு சாதாரணப் பின்னேரம், அப்பா வெறும் கையோடு வடக்கு வீட்டுக்குப் போனார். நான் யன்னலருகே நின்று பார்த்தேன். அந்தம்மா முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மகளுக்கு எழுதப் போறன் தங்கச்சி. எல்லை சரியா? வெத்தில கொண்டரல்ல, பாத்தீங்களா? சரியில்லையெண்டா இல்ல எண்டு சொல்லுங்க."

அவருடைய கை வலையில் நின்றுவிட்டது. பழையபடி சரி ஐயா என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இல்ல ஐயா" என்றார். "சரியில்ல. அந்த வளைவில உங்கட கதியால் வழிக்குள்ள நிக்கிது. தோணிய இழுத்துக்கிட்டு வரக்க இடிக்கிது. தள்ளிப் போடணும்." சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. "உங்கட தென்னையிலிரிந்து தேங்கா எங்கட ஓட்டில விழுகிது. அதையும் பாருங்க."

அப்பா தலையை ஆட்டிவிட்டு வேகமாகத் திரும்பி வந்தார். முழங்கால் வலிக்காரர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. குசினிக்குள் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அவ இல்ல எண்டு சொல்லிட்டா மகள். என்ட முகத்தப் பாத்து, இல்ல எண்டு சொல்லிட்டா!"

எவ்வளவோ வழக்கில் வென்று வந்திருக்கிறார். அந்த முகத்தோடு ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. என் கோபம் எந்தப் பக்கத்தால் போனது என்று தெரியவில்லை. தேத்தண்ணியை ஊற்றி அவருடைய கையில் கொடுத்தேன்.

அம்மா அதற்குள் கத்தியை எடுத்துவிட்டிருந்தார். "எவ்வளவுக்குத் தள்ளணும் எண்டு கேட்டீங்களா?"

அப்பா விழித்தார். அந்தச் சந்தோசத்தில் அதைக் கேட்க மறந்துவிட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கேட்டுவர மறுபடியும் போனார்.