புதன்கிழமை அக்காவின் முறை

இந்த நினைவு மலரின் அட்டைக்கு அக்காவின் படம் ஒன்று தேடி மூன்று நாள் அலைந்தேன். அக்கா மனம் விட்டுச் சிரிக்கும் படம் எதை எடுத்தாலும் அதில் ஒரு குதிரை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் குதிரையை நீக்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அட்டையில் அக்காவின் தோளுக்கு மேல் தெரிகிற மூக்கு யாருடையது என்று உறவினர்கள் யோசிக்க வேண்டாம். அது வெள்ளையனுடையது. அவனும் எங்கள் குடும்பம்தான்.

அக்கா செம்பாக்கத்தில் பிறந்தார். எங்கள் குடும்பத்து நெல்வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். அக்கா கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுத் தேர்வு எழுதி ரயில்வேயில் சேர்ந்தார். தாம்பரம் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் வேலை. என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கவுண்டர் வேலையில் ஒரு விதி உண்டு. அடுத்த முறைக்காரர் வந்து சேரும்வரை இருப்பவர் எழுந்து போகக் கூடாது. பசித்தாலும் சரி, வீட்டில் விருந்தாளி காத்திருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு அது அலுவலக விதி. அக்காவுக்கு அது ரத்தத்திலேயே ஊறிப்போனது.

திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்து அக்காவும் மாமாவும் வீடு கட்ட முடிச்சூரில் ஒரு மனை பார்க்கப் போனார்கள். அந்த மனையில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றிருந்தது. அட்டைப்படத்து வெள்ளையன்தான். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்வந்த குதிரை. கால் நொண்ட ஆரம்பித்ததும் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மனையை வாங்கினார்கள். வீடு மட்டும் இன்றுவரை கட்டவில்லை.

"வூடு கட்டலாம்னு கூட்டிக்கினு போனேன் சார். லாயம் கட்டிட்டா" என்று மாமா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர்கள் கடைசிவரை செம்பாக்கத்து வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். குழந்தை இல்லாததால்தான் குதிரை வளர்க்கிறாள் என்று சொந்தத்தில் சிலர் பேசியது அக்காவின் காதுக்கும் வந்தது. "குழந்தை இருந்திருந்தா அதையும் கூட்டிட்டுப் போய் லத்தி அள்ள வெச்சிருப்பேன்" என்றார். குதிரைச் சாணத்துக்கு லத்தி என்று பெயர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த ஒற்றைக் குதிரையிலிருந்து வளர்ந்ததுதான் எங்கள் வட்டாரத்துக் குதிரையேற்ற மன்றம். ஊட்டியில் சிறுவயதில் குதிரை ஏறிப் பழகிய, விமானப் படையில் ஓய்வு பெற்ற ஓர் அண்ணா பயிற்சி கொடுக்க வந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் செல்வி வந்தார். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து தளர்ந்துபோன தங்கள் குதிரையை விற்க மனமில்லாமல் ஓட்டிவந்தவர், தானும் அங்கேயே தங்கிவிடாத குறைதான். இன்று ஆறு குதிரைகள். சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை. எல்லாம் முறைதான். வாரத்தில் எந்த வேளை யாருடையது என்று கரும்பலகையில் எழுதியிருக்கும். முறையில் வராதவர் சேணத்தைத் தொடக் கூடாது. ஒருமுறை பெரிய கம்பெனி மேலாளர் ஒருவர் புதுப் பூட்ஸோடு வந்து நின்றார். "ஷூ சூப்பரா இருக்கு சார். லத்திக் கூடை அங்க இருக்கு" என்று அக்கா கை காட்டினார். அந்த மேலாளர் இன்றும் திங்கட்கிழமை முறையில் இருக்கிறார்.

முறையை விட்டுப் போகிறவர், அதைத் தம் கையாலேயே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குதிரையின் குளம்பில் சிக்கிய கல்லைச் சுரண்டி எடுக்கும் சிறிய கொக்கி ஒன்று உண்டு. அதைக் கையில் கொடுத்தால் முறை மாறிவிட்டது என்று அர்த்தம். கவுண்டர் விதியை அக்கா லாயத்துக்குக் கொண்டுவந்த விதம் இது. முடிச்சூரை வெள்ளம் மூழ்கடித்தபோதும் இந்த விதி மீறப்படவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குதிரைகளை நடத்திப் போய் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கட்டினார்கள். அங்கேயும் கரும்பலகையை மாட்டினார்கள்.

இவ்வளவு செய்த அக்காவுக்குக் குதிரை ஏறத்தான் சரியாக வரவே இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் ஏறினால் குதிரை நின்றுவிடும்.

இனி நான் வெட்கப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் திருமணம் மேற்குத் தாம்பரத்தில் நடந்தது. மாப்பிள்ளையான நான் முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சுகளையும் போட வேண்டியவர் என் அக்கா. முகூர்த்த நேரம் நெருங்கியது, அக்காவைக் காணோம். அன்று காலை முறைக்காரர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும் அக்கா பட்டுப் புடவையோடு ஸ்கூட்டரில் லாயத்துக்குப் போய்விட்டார். கெட்டிமேளம் கொட்டச் சொல்லி ஐயர் கை தூக்கிய நேரத்தில் மூச்சிரைக்க வந்து நின்றார். புடவைக் கரையெல்லாம் வைக்கோல். பெண் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். முடிச்சுப் போட்ட கையில் கொள்ளு வாசனை அடித்தது.

பந்தி முடிந்ததும் கேட்டுவிட்டேன். "உனக்கு நான் முக்கியமா, குதிரை முக்கியமா?"

அக்கா கோபப்படவில்லை. "உன் கல்யாணத்துக்கு ஊரே வந்திருக்குடா. அதுங்களுக்கு இன்னிக்கு என்னை விட்டா யாரு?"

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் லாயத்து வாசலை நான் மிதிக்கவில்லை. அக்கா கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது வேலை சொல்லித் தட்டிக் கழித்தேன்.

சென்ற ஆண்டு அக்கா நோயில் விழுந்தார். மருத்துவமனைப் படுக்கையிலும் கண் விழித்தால் முதல் கேள்வி, "இன்னிக்கு யார் முறை?" புதன்கிழமை காலை அக்காவுடையது. அவர் திரும்பி வருவார் என்று நம்பி, அதை யாரும் வாங்கிக்கொள்ளாமல் மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை செம்பாக்கத்து வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. மன்றத்து ஆட்கள் ஒருவரையும் காணோம். இத்தனை வருடம் உழைத்தவளுக்கு இவ்வளவுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு எல்லோரும் மொத்தமாக வந்தார்கள். கால்சட்டையில் லத்திக் கறை, தலையில் வைக்கோல். குதிரைகளுக்குக் கொள்ளு வைத்து, லாயத்தைக் கழுவிவிட்டு நேராக வந்திருந்தார்கள். அழுதார்கள். மாலை போட்டார்கள். பிறகு செல்வி என் பக்கம் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ சார். அக்கா கெளம்பறதுக்கு முன்னாடி அவுங்க முறைய யார்னா வாங்கிக்கணும். புதன்கெயம காலீல காலியா கீது."

சித்தப்பா கொதித்துவிட்டார். "இன்னாம்மா நீ? சாவு வூட்டுல வந்து பேசற பேச்சா இது?"

செல்வி பின்வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அக்காதான் சொல்லிக்கீறாங்க. மாத்தி வுடாம யாரும் போவக் கூடாதுன்னு. அவுங்களே அப்படிப் போனா நல்லாவா இருக்கும்?"

மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே சனிக்கிழமை முறை. எனக்குப் பட்டுப் புடவையும் வைக்கோலும் நினைவுக்கு வந்தன. என் அக்கா அடுத்த ஆளுக்காகக் காத்துக் கிடக்கிறார், எழுந்து போக முடியாமல். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"நான் வாங்கிக்கறேன்" என்றேன்.

செல்வி முந்தானையிலிருந்து கொக்கியை எடுத்து அக்காவின் கையில் ஒரு கணம் வைத்தார். பிறகு எடுத்து என் கையில் கொடுத்தார். சித்தப்பா நகர்ந்து வழி விட்டார். அதன் பிறகுதான் அக்காவைத் தூக்கினோம்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று அடுப்பேற்றாமல் எங்களோடு நின்ற செம்பாக்கத்துத் தெருவினருக்கும், டிக்கெட் கவுண்டரிலிருந்து முறை மாற்றிக்கொண்டு ஓடிவந்த அக்காவின் தோழிகளுக்கும், கரும்பலகையில் பெயர் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எப்படிப்பட்ட அக்காவோடு பிறந்தேன் என்ற பெருமை எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் முழுதாக வந்தது.

முதலாண்டுத் திதி புதன்கிழமையில் அமைந்துவிட்டது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் வாசலில் நின்று வரவேற்காவிட்டால் வருந்த வேண்டாம். மாமா இருப்பார், காபி தருவார். படையல் பத்து மணிக்குத்தான். அதற்குள் வந்துவிடுவேன். வேட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.