பிரைனா வெட்டிய கிணறு

கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவில், ஸ்ட்ரவிச் ஊரில் சாராயக்கடை நடத்திய பிரைனா, கணவன் இறந்துபோனதிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கலந்து வந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு வருடம், யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் நோன்பு நெருங்கியபோது மனசு உறுத்த, மதகுருவான ரப்பியிடம் போய் நின்றாள்.

"கடவுள்கிட்ட அழுது மன்னிப்பு கேட்டுக்கறேன், ரப்பி."

"ஏமாந்தது அவரில்லையேம்மா. குடிச்சவங்களுக்குத் திருப்பிக் குடு."

"யாருன்னு தேடுவேன்? சந்தைக்கு வந்தவன், வண்டிக்காரன், பாதிப் பேர் செத்தே போயிட்டாங்க."

"அப்போ ஊருக்குப் பொதுவா ஒரு கிணறு வெட்டு. எல்லாரும் குடிக்கட்டும்."

"தண்ணியா? இத்தனை வருஷமா அதைத்தானே குடுத்தேன்!"

"இனிமே தண்ணின்னு சொல்லிக் குடு."

கல்யாண முத்துமாலையை விற்று, சந்தைத் திடலில் கிணறு வெட்டினாள். கடையிலும் கலப்படமில்லாத சரக்கையே ஊற்றத் தொடங்கினாள். மறுநாள் காலை, நெடுநாள் வாடிக்கையாளனான வண்டிக்காரன் லெய்ஸர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன கருமத்தைக் கலந்தே, பிரைனா? மண்டை பொளக்குது!"

"எதுவும் கலக்கலை. முன்னாடிதான் தண்ணி கலந்தேன், இப்போ நிறுத்திட்டேன்."

"யார்கிட்ட கதை விடறே? முன்னாடி குடுத்தது தங்கமான சரக்கு. கிணறு வெட்டிப் பேரு வந்ததும் புத்தி மாறிப்போச்சு உனக்கு."

ஒரே மாதத்தில் அவளுடைய வாடிக்கையாளர்கள் பாலத்தடியில் ஸன்வில் வைத்திருந்த கடைக்கு மாறிவிட்டார்கள். அங்கே சரக்கு இதமாக இறங்குகிறதாம். பிரைனா காலியான கடை வாசலில் நின்று பார்த்தாள். ஸன்வில் தினமும் இரண்டு வாளியோடு அவள் வெட்டிய கிணற்றுக்கு வந்து, மரியாதையாகத் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு, நீர் இறைத்துப் போனான்.